இந்த வரியை அழிக்காதே

அத்தியாயம் 11

கதவைத் திறந்தவளுக்கும் பேச்சு வரவில்லை, வெளியே நின்றவளுக்கும் வரவில்லை. போன வாரம் இருவரையும் அப்படியே நிற்கவைத்துவிட்டுத்தான் நாம் நகர்ந்தோம்.

வெளியே நின்றவள் நாத்தனார். அண்ணன் செத்துப்போன வாரத்தில் இந்த வீட்டை விட்டுப் போனவள், எட்டு மாதம் கழித்து இன்றுதான் படி ஏறுகிறாள்.

"மெஷின் எங்க இருக்கு?" என்றாள். எப்படி இருக்கீங்க என்ற கேள்வியெல்லாம் இல்லை.

"அவரோட மேஜை மேலதான்."

"அம்மா?"

"சமையலறைல இருக்காங்க. நீ வர்றதை நான் சொல்லல. வராம போயிட்டா அவங்க ஏமாந்துடுவாங்கன்னுதான்."

நாத்தனாரின் முகம் ஒரு நொடி கறுத்தது. செருப்பைக் கழற்றினாள்.

வீட்டில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைப்பது இறந்தவனின் பழக்கம். தங்கை சின்ன வயதில் ஆடி ஆடி நடந்ததால் அவள் வாத்து. இன்றைக்கு ஒரு கல்லூரியில் நூற்றிருபது கணினிகளைக் கட்டி மேய்க்கிறாள். அங்கே அவளைக் கண்டால் 'மேடம்' என்று எழுந்து நிற்கிறார்கள். இந்த நிலைப்படியைத் தாண்டினால் வாத்துதான். மனைவிக்கு அவன் வைத்த பெயர் டைப்பிஸ்ட். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டு எழுத்தாக்குவது அவள் பிழைப்பு.

டைப்பிஸ்டின் சொந்தக் கணினி நேற்று மாலை திடீரென்று மண்டையைப் போட்டுவிட்டது. இன்று ஒரு மணிக்குள் நான்கு பதிவுகள் போயாக வேண்டும். நாளைக் காலை ஓர் அறுவை சிகிச்சை அந்தக் குறிப்புகளுக்காகக் காத்திருக்கிறது. "இந்த வாட்டியும் லேட்டானா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்" என்று ஆஸ்பத்திரி அலுவலகத்தில் முகத்துக்கு நேராகவே சொல்லியாயிற்று.

மிச்சம் இருந்தது கணவனின் மடிக்கணினி. எல்லோரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லை, லினக்ஸ் ஓடுகிற மெஷின். தன் இஷ்டத்துக்கு அவன் இழைத்து இழைத்து வைத்தது. ஹெட்போன் செருகுகிற துளை என்றைக்கோ உடைந்துபோயிருந்தது. ஸ்பீக்கரில் போட்டால் நோயாளிகளின் அந்தரங்கமெல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னல் வரைக்கும் போகும். ப்ளூடூத் ஒன்றுதான் வழி. அந்த மெஷினோ, ப்ளூடூத் என்ற ஒன்று தன் வயிற்றுக்குள் இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை.

விடிய விடியத் தூங்காமல் புரண்டவள், காலையில் வெட்கத்தை விட்டு நாத்தனாருக்குச் செய்தி அனுப்பினாள். 'அவர் மெஷின்ல ப்ளூடூத் வரல. உன்னை விட்டா எனக்கு வேற யாரும் இல்ல.'

அந்தச் செய்தியை அனுப்புவது எத்தனை கஷ்டம் என்று தெரிய வேண்டுமானால், எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த ஒரு நாளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயின்ட் கடைகள் வரிசையாக இருக்கிற தெரு. காலை நேரம். லாரி மோதியது. அதற்குச் சற்று முன்புவரை பதினொரு நிமிடம் அவன் மனைவியோடு போனில் பேசியிருக்கிறான். பேச்சு என்ன பேச்சு, சண்டை. "ஏதோ பேசிக்கிட்டேதான் வந்தாரு. ஹாரன் அடிச்சது காதுலயே விழல" என்றார் டயர் கடைக்காரர். சாப்பிடும்போதுகூட ஹெட்போனைக் கழற்றாத மனிதன். வாத்துக்கு அந்த ஒரு வாக்குமூலம் போதுமாக இருந்தது.

"நீங்க காதுக்குள்ள கத்திக்கிட்டே இருந்தீங்க அண்ணி. அதனாலதான் என் அண்ணனுக்கு வண்டிச் சத்தம் கேக்கல."

சொல்லிவிட்டுப் போனவள்தான்.

ஆஸ்பத்திரியில் திருப்பித் தந்த பையில் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, பர்ஸ், கண்ணாடி உடைந்த போன் எல்லாம் இருந்தன. ஹெட்போன் இல்லை. மோதிய வேகத்தில் எங்கே போய் விழுந்ததோ என்று அதை யாரும் தேடவில்லை.

*

வாத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். திரை ஒளிர்ந்ததும் அவள் விரல்கள் ஒரு கணம் தயங்கின. விசைப்பலகையில் சில எழுத்துகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன. தேய்த்த விரல்கள் யாருடையவை என்று இருவருக்கும் தெரியும்.

"பாஸ்வேர்டு?"

"தள்ளு, நான் அடிக்கிறேன்."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"கூடாது."

வாத்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டைப்பிஸ்ட் எட்டு எழுத்தை அடித்தாள். அது அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே ஆன ஒரு கேலி வார்த்தை. அதை உரக்கச் சொல்ல இனி யாரும் இல்லை.

வாத்து, கட்டளைகளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து வேலையில் இறங்கினாள். இறங்கியதும் அவள் குரலே மாறிப்போனது. நோயாளியைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"ப்ளூடூத்தைக் கவனிக்கிற சேவை ஓடிக்கிட்டுதான் இருக்கு. அது மேல தப்பில்ல."

"சரி."

"விமானத்துல போறப்ப அணைச்சு வைப்பாங்களே, அந்த மாதிரிப் பூட்டும் இல்ல. திறந்துதான் இருக்கு."

"அப்ப சிப்பு போயிடுச்சா?"

"இருங்க." ஒரு கட்டளை. வரிசையாகப் பெயர்கள் ஓடின. நடுவில் ஒன்றில் விரலை வைத்தாள். "இதோ பாருங்க, சிப்பு நல்லா உயிரோட இருக்கு. கதவுக்குப் பின்னாடி நிக்குது. அதுகிட்ட பேச வேண்டிய டிரைவர்ங்கற சாஃப்ட்வேர்தான் வரல."

டிரைவரைக் கையால் ஏற்றிப் பார்த்தாள். மெஷின் மறுத்தது. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் மறுத்தது. வாத்தின் நெற்றி சுருங்கியது.

"இது பழுதில்ல அண்ணி. ஏத்தாதேன்னு யாரோ உத்தரவு போட்டு வெச்சிருக்காங்க."

"யாரோன்னா? இந்த மெஷினை அவரைத் தவிர யாரும் தொட்டதில்லையே."

வாத்து கோப்புகளுக்குள் தேடினாள். இரண்டே வரிகள் கொண்ட ஒரு சின்னக் கோப்பு திரையில் விரிந்தது. கீழ் வரி மெஷினுக்கான கட்டளை. மேல் வரி மனிதர்களுக்கு. தமிழில் இருந்தது.

'வாக்குக் கொடுத்தாச்சு. இந்த வரியை அழிக்காதே.'



"தேதியைப் பாரு" என்றாள் டைப்பிஸ்ட்.

வாத்து பார்த்தாள். அதே நாள். காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. அவன் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்பு.

"யாருக்கு அண்ணி வாக்குக் கொடுத்தான்? உங்களுக்கா?"

"எனக்கில்ல. நான் அன்னிக்கு எட்டு மணிக்கே ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குப் போயிட்டேன்."

அந்த நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து மாமியார் வந்தார். முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் முதுகை நிமிர்த்தித்தான் நடப்பார். மகளைப் பார்த்ததும் கையிலிருந்த துணி நழுவியது.

"வந்துட்டியாடி! முகம் என்ன இப்படி வத்திக் கெடக்கு?"

"வேலைம்மா."

மகளின் கன்னத்தைத் தொட்டார். பிறகு அவர் பார்வை மேஜைக்குப் போனது. திறந்து கிடந்த மடிக்கணினியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்.

"அதை எதுக்கு இப்ப நோண்டிக்கிட்டு இருக்கீங்க?"

"என் வேலைக்குத்தான் அத்தை. என் மெஷின் கெட்டுப்போச்சு."

மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாக ஐந்து நிமிடம். "செத்த நேரம் படுத்துட்டு வரேன். போயிடாதடி" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த எட்டு மாதமாக இந்த நேரத்துக்கு அந்தக் கதவைச் சாத்தாத நாளே இல்லை. மனுஷி தூங்கி எழட்டும் என்று மருமகளும் தொந்தரவு செய்வதில்லை.

"என்ன பண்ணட்டும் அண்ணி?" வாத்தின் விரல் விசைமேல் நின்றது. "அழிக்கவா?"

டைப்பிஸ்ட் அந்தத் தமிழ் வரியை மறுபடி படித்தாள். உயிரோடு இருந்தபோது அவன் பேச்சை மீறியதில்லை என்றெல்லாம் சொல்ல முடியாது. மணிக்கொரு தரம் மீறியிருக்கிறாள். ஆனால் அப்போது திருப்பித் திட்டுவதற்கு அவன் இருந்தான்.

"அழிக்காம வேற வழி இல்லையா?"

"இருக்கு. முன்னால ஒரு குறி போட்டா மெஷின் அந்த வரியைப் படிக்காம தாண்டிப் போயிடும். வரி அப்படியே இருக்கும்."

"அதைச் செய். இல்ல, இரு. நானே போடறேன்."

போட்டாள். சேமித்தாள். வாத்து டிரைவரை ஏற்றினாள். இந்த முறை மெஷின் மறுக்கவில்லை. திரையின் மூலையில் எட்டு மாதமாக இல்லாத ஒரு சின்ன நீலக் குறி வந்து உட்கார்ந்தது.

டைப்பிஸ்டின் ஹெட்போனை இணைக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவள் மாட்டிக்கொண்டாள்.

"ஏதாவது ஒண்ணு போட்டுப் பாக்கறேன்" என்று வாத்து ஒலிக் கோப்புகள் இருந்த இடத்தைத் திறந்தாள். முதலில் இருந்தது 'மைக் சோதனை' என்ற கோப்பு. ஆறு விநாடி. தட்டினாள்.

திரையில் கோடு நகர்ந்தது. முடிந்தது.

"கேட்டுச்சா?"

"ஒண்ணும் கேக்கலையே."

மறுபடி தட்டினாள். கோடு நகர்ந்தது.

அப்போதுதான் சாத்தியிருந்த அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. தெளிவான, பழகிய, ஆபரேட்டர் குரல்.

"கேக்குது. பேசுங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

ஒரு நொடி கழித்து அந்தக் குரல் உடைந்தது. வீடே அதிர்கிற மாதிரி ஒரு கத்தல். "கேக்குதுப்பா! கேக்குது! எங்கடா இருக்கே?"

வாத்து திரையைப் பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் இப்போது இரண்டு பெயர்கள். ஒன்று அண்ணியுடையது. மற்றது, 'மூணாவது காது'. அதுவும் அண்ணன் வைத்த பட்டப்பெயர்தான், தன் ஹெட்போனுக்கு. ஒலியெல்லாம் அதற்குப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அதன் பேட்டரி அளவு தெரிந்தது. எண்பது சதவீதம்.

"எட்டு மாசம் சும்மா கிடந்தா இதுல துளி சார்ஜ் இருக்காது அண்ணி" என்றாள். "யாரோ நாள் தவறாம சார்ஜ் போட்டுக்கிட்டு இருக்காங்க."

*

கதவு தாழிட்டிருக்கவில்லை. மாமியார் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலையில் மகனின் ஹெட்போன். இரண்டு கைகளாலும் அதைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். கட்டிலில், ஹாலிலிருந்து அடிக்கடி காணாமல் போகும் சார்ஜர் கிடந்தது.

"ஒண்ணு ரெண்டு மூணுன்னான்டி. கேக்குதான்னு கேட்டான்டி. நான் கேக்குதுன்னேன். பேச மாட்டேங்கறான்."

வாத்து தாயின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பழைய பதிவு, மெஷின், நீலக் குறி. மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தார். புரியாமல் இல்லை. ஆயுசில் பாதியை இணைப்புக் கொடுத்தே கழித்தவர்.

"அப்ப அந்தப் பக்கம் யாரும் இல்ல" என்றார்.

"இல்லம்மா."

டைப்பிஸ்ட் அறை வாசலிலேயே நின்றாள். "அத்தை, இது உங்ககிட்ட எப்படி?"

மாமியார் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அன்று காலை மகனிடம் ஒரு முக்கியமான விஷயம் பேசப் போனாராம். மூன்று முறை கூப்பிட்டும் திரும்பவில்லை. முப்பத்தோரு வருடம் தன் தலையை நசுக்கிய அதே சனியன் மகன் தலையிலும் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிடுங்கிவிட்டார். 'பெத்தவ பேசறதைவிட இது பெருசா?' என்று கேட்டார்.

"அவன் கோவிச்சுக்கல. சிரிச்சான். சரிம்மா, இனிமே இந்த மெஷின்லயே அது வேலை செய்யாதபடி பண்ணிடறேன், சத்தியம்னான். உக்காந்து ஏதோ தட்டினான். வெறுங்காதோட கிளம்பிப் போனான்." புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "இதைப் போட்டிருந்தா கை ரெண்டும் சும்மா இருந்திருக்கும். போனைக் காதுல வெச்சுக்கிட்டுப் போனதாலதானே அந்தப் பக்கம் வந்த லாரி கண்ணுல படல? நான் பிடுங்கினதாலதானே?"

"அம்மா..."

"நீ அவளைத் திட்டிட்டுப் போனே. அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் வரல. அவ மேலயே பழி நிக்கட்டும்னு இருந்துட்டேன், பாவி."

யாரும் அழவில்லை. அழுதிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

"தினமும் இதைப் போட்டுக்கிட்டு என்ன அத்தை கேப்பீங்க?" என்றாள் மருமகள், மெதுவாக.

"ஒண்ணும் கேக்காது. இதை ஆன் பண்ணினா உள்ளே காத்து மாதிரி லேசா ஒரு சத்தம். எக்ஸ்சேஞ்சுல லைன் கொடுத்தா அப்படித்தான் வரும். அது வந்தா அந்தப் பக்கம் ஆள் இருக்குன்னு அர்த்தம். அதுக்குத்தான்."

மருமகள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. தோள் தோளோடு படும்படி உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

*

உலகம் யாருக்காகவும் நிற்பதில்லை என்பதை ஆஸ்பத்திரி அலுவலகத்துத் தொலைபேசி ஞாபகப்படுத்தியது. டைப்பிஸ்ட் மேஜைக்குத் திரும்பினாள். வாத்து 'மூணாவது காதை' மெஷினிலிருந்து பிரித்துவிட்டு, டீ போடச் சமையலறைக்குப் போனாள்.

முதல் பதிவு, இரண்டாம் பதிவு. விரல்கள் தாமாக ஓடின. மூன்றாவதில் டாக்டர் வராந்தாவில் நடந்துகொண்டே பேசியிருந்தார். பேச்சுக்குப் பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பதினைந்து வருடப் பழக்கத்தில் அவளுக்கு, பேசுகிறவர் நிற்கிற இடம் காதிலேயே தெரிந்துவிடும்.

விரல்கள் நின்றன.

அன்றைய பதினொரு நிமிடத்தை அவள் ஆயிரம் முறை மனதுக்குள் ஓட்டியிருக்கிறாள். அவன் சொன்னது, இவள் சொன்னது, கடைசியில் கோபத்தில் இவள் இணைப்பைத் துண்டித்தது. அவன் குரலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று ஒரு முறைகூட யோசித்ததில்லை. ஹெட்போன் வெளியே இருக்கிற சத்தத்தை வடிகட்டிவிடும் என்பதால் யோசிக்கத் தோன்றவில்லை.

ஆனால் அவன் வெறுங்காதோடு போயிருக்கிறான்.

மிச்சப் பதிவுகளை எப்படி அடித்தாள் என்பது அவளுக்கே தெரியாது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பிவிட்டு எழுந்தாள். ஆறிப்போன டீக்கு எதிரில் வாத்து சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, நான் அன்னிக்குச் சொன்னது..."

"அது கிடக்கட்டும், அப்புறம் பேசலாம். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அவர் என்கிட்ட பேசினப்ப தெருவுல இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"வண்டிச் சத்தம் இல்ல, ஹாரன் இல்ல. அந்தத் தெருவுல போன் பேசினா ஒரு வார்த்தை உருப்படியா கேக்குமா? அவ்வளவு அமைதியா இருந்துச்சு. நடுவுல ஒரு தடவ கதவு சாத்தற சத்தம். மரக்கதவு. அவர் ஏதோ ஒரு அறைக்குள்ள இருந்தாரு. நான் போனை வெச்சப்புறம்தான் தெருவுக்கு இறங்கியிருக்காரு."

வாத்து எழுந்து நின்றாள்.

"சண்டை எதுக்கு அண்ணி வந்துச்சு? இத்தனை நாள் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன்."

அவள் யாரிடமும் சொல்லாதது அது. சொன்னாள்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு ஒருத்தரை வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டாரு. எனக்குத் தலைக்கு மேல வேலை. இன்னிக்கு யாரையும் கூட்டிட்டு வராதீங்கன்னேன். இன்னிக்கு விட்டா அவர் மறுபடி வரமாட்டாருன்னு கெஞ்சினாரு. யாருன்னு நான் கேக்கவே இல்ல. ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன்."

வாத்து சமையலறை வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிசுகிசுவென்று பேசினாள்.

"அந்தத் தெருவுல, பெயின்ட் கடைக்கு மேல மாடியில ஒரு அறை இருக்கு. அங்க யார் வாடகைக்கு இருக்காங்கன்னு எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும். நான்தான் கண்டுபிடிச்சேன். போய்ப் பாக்காதேன்னு நான்தான் தடுத்தேன்."

"யாரு?"

"எங்கப்பா."

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், வேலைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பிப் போன மனிதர். இந்த வீட்டில் அவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

"அப்ப அவர் கூட்டிட்டு வரேன்னது..."

"அவன் தனியா வரல அண்ணி. 'பேசிக்கிட்டே வந்தாரு'ன்னு டயர் கடைக்காரர் சொன்னாரே. போன்ல இல்ல. பக்கத்துல ஆள் இருந்திருக்கு."

பின்னால் தரையில் காலடிச் சத்தம். இருவரும் திரும்பினார்கள்.

மாமியார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கண் துடைத்திருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது.

"யாரைக் கூட்டிட்டு வரேன்னான்?" என்று கேட்டார்.